34 நொடிக் கணக்கு
வங்கித் தேர்வின் எண் திறன் பகுதிக்கு ஆயத்தமாவோருக்கு

பாறசாலையை அடுத்த சிற்றூரிலிருந்து வந்த தாய் ஒருவர், தமது வைப்புத்தொகையை முதிர்வு நாளுக்கு முன்பே முறித்துத் தருமாறு கேட்டார். காரணம் வினவியபோது, வங்கி எழுத்தர் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் மகள் தேறவில்லை என்றும், எண் திறன் பகுதியில் 35க்கு 15 மதிப்பெண்ணே கிடைத்தது என்றும், பெருநகரில் உள்ள பயிற்சி மையம் ஒன்றில் சேர்க்கப் பணம் தேவை என்றும் சொன்னார். உடன் வந்திருந்த மகளிடம் எத்தனை வினாக்களுக்கு விடையளித்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் விடை போட்டேன் சார், ஒண்ணும் விடல" என்றார் பெருமிதத்துடன்.

அவருடைய குறை எங்கே என்பது அந்த விடையிலேயே தெரிந்தது. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. முப்பத்தைந்துக்கும் விடையளித்து 15 பெற்றவர் 19 வினாக்களைச் சரியாகவும் 16 வினாக்களைத் தவறாகவும் செய்திருக்கிறார். பதினாறு தவறுகள் நான்கு மதிப்பெண்களைக் கழித்துவிட்டன. தெரிந்த பத்தொன்பதை மட்டும் செய்துவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விட்டிருந்தாலே 19 கிடைத்திருக்கும். அவருக்குக் கணிதம் தெரியும். எதை விடுவது என்பதுதான் தெரியவில்லை. இத்தேர்வுக்கு ஆயத்தமாவோர் முதலில் உணர வேண்டியது இதுவே.

நேரமே முதல் வினா

வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் (ஐபிபிஎஸ்) நடத்தும் எழுத்தர் நிலைத் தேர்வின் முதல்நிலையில் மொத்தம் 100 வினாக்கள், 60 நிமிடங்கள். ஆங்கிலம் 30, எண் திறன் 35, பகுத்தறியும் திறன் 35 என அவை பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடங்கள் தனித்தனியே ஒதுக்கப்பட்டுள்ளமையால், ஒன்றில் மிச்சமாகும் நேரத்தை மற்றொன்றில் செலவிட இயலாது. மூன்று பகுதிகளிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டவும் வேண்டும். ஆங்கிலத்தில் எவ்வளவு சிறந்து விளங்கினாலும் எண் திறனில் தவறினால் ஈடுசெய்ய வழியில்லை.

இருபது நிமிடங்கள் என்பது 1,200 நொடிகள். அதை 35ஆல் வகுத்தால் ஒரு வினாவுக்கு ஏறத்தாழ 34 நொடிகள். கணிப்பானுக்கும் அனுமதியில்லை. வினாவைப் படிக்கவே சில நொடிகள் கழிந்துவிடும். பத்தாம் வகுப்புக் கணிதமே பெரும்பாலும் கேட்கப்பட்டாலும், பள்ளியில் பழகிய நீண்ட வழிமுறை இங்குப் பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

ஊகத்திற்கும் ஒரு கணக்கு உண்டு

விடை தெரியாதபோது ஏதேனும் ஒன்றைக் குறித்து வைப்பது இலாபமா, நட்டமா? வங்கித் தேர்வில் ஐந்து விடைகள் தரப்படுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வினாக்களுக்கு விடை குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், நான்கு தவறாகும். ஒரு மதிப்பெண் வரவு, நான்கு கால் மதிப்பெண்கள் செலவு; மிச்சம் சுழி. அதற்குச் செலவான நேரம் மட்டுமே நட்டம்.

ஆனால் ஐந்தில் இரண்டு விடைகள் பொருந்தா என்று உறுதியாகத் தெரிந்தால் நிலைமை மாறும். எஞ்சிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால், அத்தகைய மூன்று வினாக்களில் சராசரியாக ஒன்று சரி, இரண்டு தவறு. ஒரு மதிப்பெண் வரவு, அரை மதிப்பெண் செலவு. மிச்சம் அரை மதிப்பெண். எனவே வெறும் ஊகம் வேண்டா; காரணத்தோடு கூடிய ஊகம் ஏற்கத்தக்கது.

கேரள அரசுப்பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் நான்கு விடைகள். தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. அங்கும் வெறும் ஊகத்தின் மிச்சம் சுழியே. தமிழ்நாடு அரசுப்பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்விலோ தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை. அங்கு எந்த வினாவையும் விடையின்றி விடுதல் கூடாது. எல்லைப்புற இளைஞர் பலர் இம்மூன்றையும் எழுதுகின்றனர். ஒரு தேர்வில் பழகிய பழக்கம் மற்றொன்றில் தீங்காகலாம் என்பதை அவர்கள் நினைவில் கொள்ளல் நலம்.

வேகம் தரும் சில வழிகள்

விழுக்காட்டைத் திருப்பிப் போடலாம். 25இல் 48 விழுக்காடு எவ்வளவு என்று கேட்டால், 48இல் 25 விழுக்காடு, அதாவது 48இல் கால் பங்கு என்று கொள்க. விடை 12.

நம் முன்னோர் வழங்கிய பின்னங்களும் உதவும். கால் 25 விழுக்காடு, அரைக்கால் 12.5, மாகாணி 6.25, இருமா 10, மா 5, காணி 1.25. 640இல் 12.5 விழுக்காடு என்பது 640இல் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. பெருக்கலின்றியே 80 என்று சொல்லிவிடலாம்.

தோராய மதிப்பு கேட்கும் வினாவில் துல்லியத்தைத் தேடி நேரம் இழக்க வேண்டா. 649இல் 19.97 விழுக்காடு என்பதை 650இல் 20 விழுக்காடு எனக் கொண்டால் 130. விடைகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் இதுவே போதும்.

எண் தொடரில் முதலில் வேறுபாடுகளை எழுதிப் பார்க்க வேண்டும். 4, 5, 9, 18, 34 என்னும் தொடரில் வேறுபாடுகள் 1, 4, 9, 16. இவை வர்க்க எண்கள். அடுத்தது 25, ஆகவே விடை 59. அரை நிமிடத்தில் ஒழுங்கு புலப்படவில்லை எனில் அடுத்த வினாவுக்குச் செல்வதே அறிவுடைமை.

வட்டிக் கணக்குக்கு வீட்டிலுள்ள வைப்புத்தொகைப் பத்திரமே பாடநூல். 10,000 ரூபாய்க்கு 8 விழுக்காட்டில் இரண்டு ஆண்டுகளுக்குத் தனிவட்டி 1,600. ஆண்டுக்கு ஒருமுறை கூட்டினால் கூட்டுவட்டி 1,664. வேறுபாடான 64 ரூபாய், முதலாண்டு வட்டியான 800 ரூபாய்க்குக் கிடைத்த வட்டியேயாகும். இதைப் புரிந்துகொண்டவருக்கு வாய்பாடு தேவையில்லை. காலாண்டுக்கு ஒருமுறை கூட்டினால் வட்டி ஏறத்தாழ 1,717 ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எந்த மொழியில் கணக்கிடுவது?

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் இங்குப் பலர். அவர்களுக்கு இது வெறும் வரலாறன்று. விண்ணப்பம் நிரப்பும் நாளில் எதிர்ப்படும் வினா.

எழுத்தர் நிலைத் தேர்வை வட்டார மொழிகளிலும் நடத்த 2021இல் முடிவு செய்யப்பட்டது. ஆனால் விண்ணப்பதாரர் ஒரே ஒரு மாநிலத்தின் பணியிடங்களுக்கே விண்ணப்பிக்கலாம். அம்மாநிலத்தின் ஆட்சிமொழியைப் படிக்கவும் எழுதவும் பேசவும் தெரிந்திருத்தல் வேண்டும். கேரளத்தைத் தேர்ந்தால் ஆங்கிலம், இந்தியுடன் மலையாளத்தில் வினாக்களைப் பெறலாம். தமிழ்நாட்டைத் தேர்ந்தால் தமிழில் பெறலாம். களியக்காவிளைக்கு இப்புறமா அப்புறமா என்பதைவிட, எம்மொழியை எழுதவும் படிக்கவும் உறுதியாகத் தெரியும் என்பதே இங்கு முதன்மை.

அம்மொழியின் கணிதச் சொற்களும் பழகியிருக்க வேண்டும். நாம் வட்டி என்பதை மலையாளம் 'பலிச' என்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் பலிசை என்னும் சொல்லே அது. கூட்டுவட்டி 'கூட்டுபலிச', விகிதம் 'அம்சபந்தம்', சராசரி இரு மொழியிலும் சராசரியே. முப்பத்துநான்கு நொடிகளில் ஐந்து நொடிகள் சொல்லின் பொருளைத் தேடுவதில் கழிந்தால் கணக்குக்கு நேரம் எங்கே? எந்த மொழியில் தேர்வு எழுதுகிறோமோ அந்த மொழியிலேயே முதல்நாள் தொட்டுப் பயிற்சி செய்க.

மூன்று மாதத் திட்டம்

முதல் மாதம்: வாய்பாடு 20 வரை, வர்க்கம் 30 வரை, கனம் 15 வரை மனப்பாடம், நாள்தோறும் சுருக்குதல் கணக்குகள் 30. இரண்டாம் மாதம்: விழுக்காடு, விகிதம், இலாப நட்டம், வட்டி, நேரமும் வேலையும், அட்டவணை விவரங்களைப் படித்தல். மூன்றாம் மாதம்: நாள்தோறும் 20 நிமிட மாதிரித் தேர்வு ஒன்று. ஊர் நூலகத்தில் நால்வர் கூடி எழுதினால் இன்னும் நன்று.

ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் இடுக: தெரிந்து செய்தவை, தெரிந்தும் தவறியவை, தொட்டிருக்கவே கூடாதவை. மூன்றாம் பத்தி சுருங்கச் சுருங்க மதிப்பெண் ஏறும். விண்ணப்பிக்கும் முன், அவ்வாண்டின் அறிவிக்கையில் வினா எண்ணிக்கையையும் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்க.

இவற்றை அன்று அந்தத் தாயிடமும் மகளிடமும் விளக்கினேன். முன்கூட்டியே முறித்தால் வட்டியில் எவ்வளவு குறையும் என்பதையும் கணக்கிட்டுக் காட்டினேன். மகள் அத்தாளை வாங்கித் தாமே ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தார். பின்னர் தாயிடம், "மூணு மாசம் பாக்கலாம் அம்மா" என்றார். பத்திரம் மீண்டும் பைக்குள் சென்றது.