பழைய ரிவால்வரை ஏன் இப்படி ராவி வெச்சிருக்காங்க?

அமெரிக்காவுல பழைய துப்பாக்கி ஏலம் போடற வீடியோக்களைப் பார்த்துட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. நல்லா இருந்த ரிவால்வரோட பேரலை ஏன் நறுக்கினாங்க? சிலிண்டரோட பின்பக்கத்தை ஏன் சீவினாங்க? ஹேமர்ல பெருவிரல் வைக்கிற கொண்டையே காணோமே, அது எங்க போச்சு?

என் பதில் ஒண்ணுதான்: தோட்டாவைத் தேடுங்க. அந்தத் துப்பாக்கி போய்ச் சேர்ந்த ஊர்ல எந்தத் தோட்டா மலிவா கிடைச்சுதுன்னு பாருங்க. பாதி புதிர் அங்கயே அவிழ்ந்துடும்.

வெப்ளி மார்க் 6-ஐ எடுத்துக்குவோம். 1915-ல பிரிட்டிஷ் ராணுவம் ஏத்துக்கிட்ட ரிவால்வர், .455 தோட்டா. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இது உபரிச் சரக்கா அமெரிக்காவுக்குப் போச்சு. அங்க .455 கிடைக்கிறது குதிரைக்கொம்பு. .45 ஏசிபி, அதாவது அப்போ அமெரிக்க ராணுவத்தோட சொந்தத் தோட்டா, எந்தக் கடையிலயும் கிடைக்கும். ஆனா அதுக்கு ரிவால்வர்ல நிக்கிற மாதிரி வெளிவிளிம்பு கிடையாது. பிறை வடிவத் தகடு ஒண்ணுல செருகித்தான் போடணும். அந்தத் தகட்டோட தடிமனுக்கு இடம் வேணுமே? அதுக்காகத்தான் சிலிண்டரோட பின்பக்கத்தைச் சீவினாங்க.

தோட்டா உள்ள போயிடும். ஆனா .455 தோட்டாவோட அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 13,000 பவுண்டு. .45 ஏசிபி 21,000 வரைக்கும் போகும். நூறு வருஷத்துப் பழைய இரும்பு, அதுவும் நடுவுல மடக்கித் திறக்கற அமைப்பு. உள்ள போகுதுங்கறதுக்காக அதைச் சுடலாம்னு அர்த்தம் இல்ல. இதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன்.

அடுத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடல். போர்க்காலத்துல பிரிட்டனுக்கு அனுப்பினதெல்லாம் .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்குச் செஞ்சது. அது குட்டையான, கொஞ்சம் பருமனான தோட்டா. போர் முடிஞ்சு அமெரிக்கா திரும்பி வந்தப்போ சந்தையில ஓடினது .38 ஸ்பெஷல், நீளம் அதிகம், ஆனா ஒல்லி. மறுபடியும் அதே கதைதான், தோட்டாவைத் தேடுங்க! சிலிண்டர்ல தோட்டா உக்கார்ற அறையை உள்ள குடைஞ்சு நீளமாக்கினாங்க, பேரலை நறுக்கினாங்க, சட்டைப்பை ரிவால்வர்னு வித்தாங்க. ஏற்கெனவே அகலமா இருந்த அறையைச் சுருக்க முடியாது இல்லையா? அதனால சுட்ட பித்தளைக் கூடு வயிறு உப்பி வரும், சில சமயம் விரிசலும் விடும்.

இங்க ஒரு கிளைக்கதை சொல்லியே ஆகணும். 1963 நவம்பர் 22, டல்லஸ், அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட அதே நாள். போலீஸ்காரர் டிப்பிட்டை லீ ஹார்வி ஆஸ்வால்டு சுட்டது இதே மாதிரி மாத்தின விக்டரி ரிவால்வராலதான். தபால்ல 29.95 டாலருக்கு வாங்கினது. பேரலை 5 அங்குலத்துல இருந்து 2¼ அங்குலத்துக்குக் குறைச்சிருந்தாங்க. இது யாரோ வீட்டு மேசையில செஞ்ச வேலை இல்ல, வியாபாரத்துக்காகச் செஞ்சது. பேரலோட உள்விட்டத்தை மட்டும் யாரும் மாத்தல. ஒல்லியான குண்டு அதுல ஆடிக்கிட்டே போகும், தடம் ஒழுங்கா விழாது. அதனால உடம்புல எடுத்த குண்டுகள் இந்த ரிவால்வரோடதுதான்னு எஃப்பிஐ நிபுணர்களால அடிச்சுச் சொல்ல முடியல. சம்பவ இடத்துல கிடந்த வெற்றுக் கூடுகளை வெச்சுத்தான் உறுதி செஞ்சாங்க. மலிவுக்குச் செஞ்ச ஒரு மாற்றம் கென்னடி கொலையை ஆராய்ஞ்ச வாரன் கமிஷன் விசாரணை வரைக்கும் வந்து நின்னுது!

எல்லாத்துக்கும் தோட்டாதான் காரணமான்னு கேட்டா, இல்ல. என்ஃபீல்டு நம்பர் 2-வோட ஹேமர்ல கொண்டை இல்லைன்னா, எவனோ ராவிட்டான்னு திட்டாதீங்க. 1938-ல வந்த மாடல் பிரிட்டிஷ் ராணுவத்தோட உத்தரவுப்படியே அப்படித்தான். ட்ரிகர் கார்டோட முன்பாதியை வெட்டின கோல்ட் ரிவால்வர் வேற கதை. கோல்ட் நிறுவனத்துல வேலை பார்த்த ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு அந்த பாணியைக் கொண்டுவந்தார், அதைப் பார்த்து அரத்தைத் தூக்கினவங்க ஏராளம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ட்ரிகரைக் காக்கிற வளையத்தையே எடுத்துட்டா, பையில இருக்கிற எது பட்டாலும் ஆபத்துதான்.

நேரம் ஆயிடுச்சு, முக்கியமானதை வேகமா சொல்லிடறேன். பிரிட்டனுக்குப் போன விக்டரியில .38 ஸ்பெஷல் முழுசா உள்ள இறங்கினா அறையைக் குடைஞ்சிருக்காங்க. முன்குறி ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தா, பேரலுக்கு அடியில எஜெக்டர் கம்பியைத் தாங்கற முனை இல்லைன்னா, பேரலை நறுக்கியிருக்காங்க. வெப்ளியில சிலிண்டருக்குப் பின்னாடி வழக்கத்தைவிட இடைவெளி தெரிஞ்சா சீவியிருக்காங்க. பேரல்ல பொறிச்ச தோட்டா பேரும், விக்கிறவர் சொல்ற பேரும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. வேற வேறன்னா, அறையை அளக்கத் தெரிஞ்ச துப்பாக்கி மெக்கானிக் பார்க்கிற வரைக்கும் அதைச் சுடக் கூடாது.

நம்ம ஊர்ல தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டுல இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 1959 ஆயுதச் சட்டம் 6-வது பிரிவுப்படி உரிமம் இல்லாம பேரலைக் குட்டையாக்கறது குற்றம். அதனால அரத்தைக் கையில எடுக்காதீங்க, உரிமம் பெற்ற கடைக்காரர்கிட்ட கொண்டு போங்க.