வயலில் என்ன விளைந்திருந்தது?

வாட்டர்லூ யுத்தம் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்து, அதில் போரிட்ட இளம் அதிகாரிகளில் பலர் நடுவயதைத் தாண்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களை நாடி ஓர் அச்சிட்ட கடிதம் வந்தது. 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி மாலை ஏழு மணியளவில், நெப்போலியனுடைய மெய்க்காவற்படை மேட்டில் ஏறி வந்த அந்தச் சமயத்தில், தங்கள் படைப்பிரிவு எவ்வித அணிவகுப்பில் நின்றது, எதிரே இருந்த பகைவர் எவ்வித ஒழுங்கில் நின்றனர், இவற்றை உடன் அனுப்பியுள்ள வரைபடத்தில் குறித்துத் தர இயலுமா என்றெல்லாம் வினவிய அக்கடிதம், வேறொன்றையும் கேட்டது: அவ்விடத்து வயல்களில் அப்போது என்ன பயிர் நின்றது?

கடிதத்தை எழுதியவர் வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் லெப்டினன்ட். யுத்தத்தில் அவர் பங்கு கொண்டவரல்லர். நில அளவையிலும் வரைபடக் கலையிலும் தேர்ச்சி பெற்று, அவை பற்றி நூல்களும் எழுதியவர். வாட்டர்லூக் களத்தை ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சிறு சிப்பாய்களோடு மாதிரியாகச் சமைக்கும் பொறுப்பு 1830-இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதும், போர்க்களத்தின் நடுவே இருந்த லா ஹே சாந்த் என்ற பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளம் ஒன்று விடாமல் அளந்தார். ஆயினும் களம் அதற்குள் உருமாறியிருந்தது. வெற்றிச் சின்னமாக ஒரு செயற்கைக் குன்றை எழுப்புவதற்காக, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுடைய சேனை நின்ற மேட்டிலிருந்தே மண்ணை வெட்டி எடுத்துவிட்டார்கள். 1826-இல் குன்று உயர்ந்தது, வரலாறு நிகழ்ந்த மேடு தாழ்ந்துபோயிற்று. மண் சொல்ல முடியாததை மனிதரிடந்தான் கேட்டறிய வேண்டும் என்று துணிந்துதான் சைபோர்ன் கடிதம் எழுதினார். வந்து சேர்ந்த பதில்கள் சுமார் 700.

அவர் சமைத்த மாதிரியின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம்; அதில் நிற்கும் சிப்பாய்கள் சுமார் 70,000 பேர். ஒரு மைல் நிலத்தை 9 அடிக்குள் சுருக்கிய கணக்கு அது. அதாவது, அசலில் ஏறத்தாழ 600-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்திருந்தால் ஒரு மனிதன் 3 மில்லிமீட்டர்தான் இருக்க முடியும். கடுகுக்குச் சற்றுப் பெரிய ஓர் உருவத்தில் காலாட்படை எது, குதிரைப்படை எது என்று யார் கண்டுகொள்வது? ஆகவே அவர் சிப்பாய்களைச் சுமார் 10 மில்லிமீட்டர் உயரத்தில் வார்த்தார். நிலத்தை அளவுக்கு உண்மையாக வைத்து, மனிதனை மட்டும் மூன்று பங்கு பெரிதாக்கிய இந்தச் செயலைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துல்லியம் வேறு, யதார்த்தம் வேறு. அளவுகோலுக்கு ஒத்திருப்பது முன்னது, கண்ணுக்கு உயிருள்ளதாகத் தோன்றுவது பின்னது. எங்கே ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிப்பதே சிப்பாய்களைச் சிற்றுருவில் சமைக்கும் இக்கலையின் பெரும் சங்கடம்.

இன்று இந்தத் துறையில் ஈடுபட்டிருப்போரிடையே பெரிதும் வழங்கும் உருவ அளவுகளில் ஒன்று 54 மில்லிமீட்டர் உயரம். அசலில் 32-இல் ஒரு பங்கு. வாட்டர்லூவில் பிரிட்டிஷ் காலாள் சுமந்த துப்பாக்கி ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் நீளமுடையது; இந்த அளவில் அது 44 மில்லிமீட்டராகும், அதன் குழாயோ ஒரு மில்லிமீட்டர் கனங்கூட இராது. உருவம் 28 மில்லிமீட்டராகக் குறுகும்போது குழாய் அதிலும் பாதியாகி, வார்ப்பில் நிரம்பாமலோ விரல் பட்டால் ஒடிந்தோ போகும். அதனால் சிறிய உருவங்களில் துப்பாக்கியையும் கைகளையும் தலையையும் சற்றுப் பருமனாகவே செதுக்குவது வழக்கமாகிவிட்டது.

தேர்ந்த சிற்பி சீருடையிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் கம்பியால் ஓர் எலும்புக்கூடு; அதை வளைத்து, உடலின் பாரம் எந்தக் காலில் விழுகிறது என்பதை நிச்சயித்துக்கொண்டு, இரண்டு பொருள்களைச் சேர்த்துப் பிசைந்தால் சில மணி நேரத்தில் இறுகிவிடும் எபாக்ஸிப் பசையால் துணியில்லாத மேனியை முதலில் உருவாக்குகிறான். அது இறுகிய பிறகே அதன்மேல் மெல்லிய தகடாகச் சட்டை ஏறுகிறது. மார்பின் குறுக்கே ஓடும் தோல்வார் சட்டையின்மேல் ஒட்டிவைத்த கோடாக இராமல், கம்பளித் துணியை அழுத்தி, இருபுறமும் சிறிது பிதுங்கச் செய்ய வேண்டும். முழங்கை மடியும் இடத்தில் உட்புறம் மடிப்புகள் நெருங்க, வெளிப்புறம் துணி இறுகி நிற்க வேண்டும். முதுகில் மூட்டை தொங்குமானால் தோள்கள் பின்னுக்கு இழுபட, அதற்கு ஈடாக உடல் இடுப்பிலிருந்து முன்னே சாய வேண்டும். பொத்தான்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும் மூட்டைக்குக் கனமே இல்லாதது போல் நிமிர்ந்து நிற்கும் பொம்மைகளை எத்தனையோ பார்க்கலாம்; அந்தச் சிப்பாய்கள் ஒரு காததூரமும் நடந்தவர்களல்லர் என்பதை நம் முதுகே நமக்குச் சொல்லிவிடும்.

அரசாங்கத்தின் சீருடைச் சட்டத்தைப் படித்து அதன்படியே வர்ணம் தீட்டினால் உண்மை கைக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் கூறுவது, சிப்பாய் எப்படி இருக்க வேண்டும் என்பதையே. குறிப்பிட்ட ஒரு நாளில் அவன் எப்படி இருந்தான் என்பதை அன்றைய வானந்தான் கூறும். வாட்டர்லூவுக்கு முந்திய பிற்பகலும் இரவும் கொட்டிய பெருமழையில் இரு சேனைகளும் திறந்த வெளியில் நனைந்து கிடந்தன. சேற்றில் பீரங்கிகளை நகர்த்த இயலாமல் நெப்போலியன் தாக்குதலை ஏறக்குறைய நண்பகல்வரை ஒத்திப்போட நேர்ந்தது. சிப்பாய்களின் உயர்ந்த தொப்பிகள் எண்ணெய்த்துணி உறைக்குள் மறைந்திருந்தன. மாலையில் மேடேறி வந்த மெய்க்காவற்படையினர் பெரும்பாலும் கனத்த கம்பளி மேலங்கி அணிந்திருந்தனரேயன்றி, அணிவகுப்பு மைதானத்தில் மின்னும் வெள்ளை மார்பு மடிப்பும் செந்நிற இறகும் தரித்து வரவில்லை. பிரிட்டிஷ் சிப்பாயின் செஞ்சட்டையும் மஞ்சிட்டி வேரின் சாயம் ஏறியது. வெயிலிலும் மழையிலும் வெளிறிச் செங்கல் நிறமடைவது. இவ்வளவையும் அறிந்து, பளபளப்பை விரும்பும் தன் கையை அடக்கி, பூட்ஸில் சேறு அப்பும் சிற்பியிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு.

கண்ணால் கண்டதே பொய்யாகும் இடமும் ஒன்று உண்டு. பாய்ந்தோடும் குதிரையின் முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னுமாக நீண்டு, வயிறு நிலத்தை நோக்கித் தாழ்ந்திருப்பதாகவே ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீட்டிவந்தனர். 1878-இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக எடுத்த புகைப்படங்களில், நான்கு குளம்பும் நிலத்தை விட்டெழும் அந்தக் கணத்தில் கால்கள் வயிற்றடியில் மடங்கிக் குவிகின்றன என்பது வெளியாயிற்று. பழைய ஈயக் குதிரைகளின் கால்கள் நீண்டிருப்பதைக் குறை கூறலாகாது. அக்கால மனிதர் தம் கண் கண்டதாக நம்பியதை அவை காட்டுகின்றன.

சிப்பாயைச் சிற்றுருவில் உயிரோடு காட்டும் இந்த வேட்கை ஐரோப்பாவில் பிறந்ததுமன்று. ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் அஸ்யூத்தை ஆண்ட மெசெஹ்தியின் கல்லறையில் வைத்த மரச் சிப்பாய்கள், ஈட்டி ஏந்திய எகிப்தியர் 40 பேரும் வில் ஏந்திய நூபியர் 40 பேருமாக, இன்றும் இருக்கிறார்கள். வரிசையில் உயரம் ஒன்றாக இல்லை. கேடயங்களில் மாட்டுத்தோலின் புள்ளிகள் வெவ்வேறு விதம். ஒரே அச்சில் மனிதர் பிறப்பதில்லை என்பதை அந்தத் தச்சன் மறக்கவில்லை.

சைபோர்னின் துல்லியம் அவருக்குச் சுகம் தரவில்லை. 1833-இல் அரசாங்கம் பணம் தருவதை நிறுத்தியது. கடன் வாங்கித் தொடர்ந்தார். ஏழு மணிக்குக் களம் இருந்த நிலையைக் கடிதங்களைக் கொண்டு நிறுத்தியபோது, பிரெஞ்சுச் சேனையின் வலப்புறத்தில், பிரிட்டிஷாருக்குத் துணைவந்த பிரஷியர்கள் பெருந்திரளாகப் புகுந்து போரிடும் காட்சி அமைந்துவிட்டது. வெற்றியில் பிரஷியர்களின் பங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிவதை வெலிங்டன் பிரபு ஒப்பவில்லை. மாதிரி 1838-இல் லண்டன் பிக்கடில்லியில் அப்போது இருந்த எகிப்திய மண்டபத்தில் காட்சிக்கு வந்தது. ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கண்டனர். மேலிடத்து அதிருப்தி மட்டும் தணியவில்லை. பின்னர் சைபோர்ன் தம் கையால் வைத்த பிரஷியச் சிப்பாய்களில் பல்லாயிரவரைத் தம் கையாலேயே எடுத்துவிட்டார். எட்டு மாத அளவையும் நூற்றுக்கணக்கான சாட்சிகளும் ஒரு பெரிய மனிதருடைய அபிப்பிராயத்துக்கு முன் தோற்ற அந்த நாளை நினைக்க எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

1849-இல் அவர் காலமானார். மாதிரி இப்போது லண்டன் செல்ஸியிலுள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடிதங்களில் ஒரு பகுதியை அவருடைய மகன் 1891-இல் நூலாக வெளியிட்டார். மூலங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. குண்டு துளைத்த தோழர்களையும் கலைந்த அணிகளையும் பற்றிய வரிகளுக்கிடையே, ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்து நின்ற ரை என்ற தானியப் பயிரும், அது படைகளின் காலடியில் மிதிபட்டுச் சேற்றோடு சேறாகிக் கிடந்ததும் அக்கடிதங்களில் பதிவாகியிருக்கின்றன.