மண்புழுவுக்கு முதலில் படுக்கை

மண்புழு உரம் போட நினைக்கிறவங்க, "புழு எங்கே கிடைக்கும்?"னுதான் முதல்ல கேட்கிறாங்க. அதை எதுமேல விடணும்னு கேட்கிறதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் இரண்டு கிலோ புழு போச்சு.

சோலூரில் தொட்டி கட்டியதும், கீழ்நாட்டிலிருந்து வந்த தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை உடைத்து அப்படியே பரப்பினேன். அதன்மேல் கற்பூர மரச் சருகு. அதற்கும் மேல் அன்றைக்கு அள்ளிய பச்சைச் சாணம். புழுவை விட்ட மறுநாள் காலை பாதிப் புழு சுவரேறி வெளியே கிடந்தது. மீதி உள்ளேயே செத்து நாறியது.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. தோலுக்கு ஆகாதது எதுவும் அதன் உயிருக்கும் ஆகாது. நான் செய்தது மூன்று தப்பு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து அலசியிருக்க வேண்டும். கற்பூர இலையில் தைலம் இருக்கிறது. பச்சைச் சாணம் நொதிக்கும்போது சூடேறும். 35 டிகிரியைத் தாண்டினால் புழு தாங்காது.

இப்போது படுக்கைக்கு நான் காசு செலவழிப்பதில்லை. காய்ந்த புல், பட்டாணிக் கொடி, கிழித்த அட்டைப்பெட்டி (பிளாஸ்டிக் டேப்பை உரித்துவிட்டு) எல்லாம் நனைத்து அரையடி உயரம் போடுகிறேன். அதன்மேல் நிழலில் 15, 20 நாள் ஆறிய சாணமும் இரண்டு கை தோட்டத்து மண்ணும். சீகை, சைப்ரஸ் சருகையும் பூண்டுத் தாளையும் சேர்ப்பதில்லை.

ஓசியில் கிடைக்குதேன்னு பக்கத்துத் தோட்டத்துத் தழையை அள்ளிடாதீங்க. தேயிலையில் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பாங்க. தாமிரம் மண்புழுவுக்கு நஞ்சு, மட்கினாலும் அழியாது. உருளைக்கிழங்குத் தழையும் அப்படித்தான். என்ன மருந்து அடிச்சீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க.

ஈரம் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் காய்ந்த புல் சேருங்கள். சொட்டே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். மழைக்குக் கூரையும் தொட்டியின் அடியில் வடிகால் துளையும் அவசியம்.

நம்ம மலைக்குப் புழுவின் ரகமும் முக்கியம். கீழ்நாட்டில் பலர் வளர்க்கும் ஆப்பிரிக்க ரகமான யூட்ரிலஸ் குளிரில் ஒடுங்கிவிடும். ஐசீனியா தாக்குப் பிடிக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனிக்குக் காய்ந்த புல்லைக் கனமாகப் போட்டு, மேலே சாக்கு மூடிவிடுங்கள்.

எந்தப் படுக்கையானாலும் முதலில் ஒரு பழைய வாளியில் போட்டு, 20 புழுவை மட்டும் விடுங்கள். பிடித்திருந்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளே இறங்கிவிடும். மேலேயே நெளிந்தாலோ, விளிம்பேறினாலோ அந்தப் படுக்கை சரியில்லை. இறங்கினாலும் ஒரு நாள் பொறுத்து, கிளறிப் பாருங்கள். இருபதும் சுறுசுறுப்பாக இருந்தால் மொத்தப் புழுவையும் தொட்டியில் விடலாம். இந்த ஒரு நாளை நான் காத்திருந்தால் அந்த இரண்டு கிலோ புழுவும் பிழைத்திருக்கும்.