முட்டைக்குள்ளிருந்தே அம்மாவைக் கூப்பிடும் முதலைக் குட்டி!

திருவண்ணாமலை: வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு வந்துபோகும் ஜனங்களிடம் சாத்தனூர் அணை என்று சொல்லுங்கள். முதலில் வறுத்த மீன், அடுத்தது முதலைப் பண்ணை! வாயைப் பிளந்தபடி கல்லாட்டம் கிடக்கிறதே, அந்த முதலை குழந்தை வளர்ப்பில் கெட்டிக்காரி என்றால் நம்புவீர்களா?

மாசி, பங்குனியில் கரை மண்ணைக் குடைந்து 25, 30 முட்டை இட்டு, பக்கத்திலேயே காவல் கிடக்கும். இரண்டு மாதம் போனதும் முட்டைக்குள் இருந்தபடியே குட்டிகள் கத்தும். தாய் ஓடிவந்து மண்ணைத் தோண்டும். குட்டிகளை வாயில் கவ்வித் தண்ணீரில் விடும். இதைப் பார்த்துவிட்டு, "பெத்ததையே தின்னுது" என்று பழி போட்டவர்களும் உண்டு. பாவம்!

சூடுதான் விதி

ஆணா, பெண்ணா? மண்ணின் சூடுதான் தீர்மானிக்கிறது. 31 டிகிரிக்குக் கீழே என்றால் பெண். 32.5 டிகிரியை ஒட்டினால் பெரும்பாலும் ஆண்.

தோலுக்காக வேட்டையாடி முதலை இனமே அருகிப்போனதால், 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்தார்கள். லேசுப்பட்ட வேலையா? எடுக்கும்போது முட்டையைப் புரட்டிவிட்டால் உள்ளே கரு செத்துப்போகும்!

பிறந்த குட்டி ஒரு அடிதான். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே முதல் சில நாள் சாப்பாடு. பிறகு பூச்சி, சின்ன மீன். உடம்பு குளிர்ந்தால் இரையைத் தொடாது. ஒளிய மறைவு இல்லாவிட்டால் மிரளும். வெளியிலோ கொக்கும் உடும்பும் காத்திருக்கும்.

ஆற்றோரம் குட்டி கண்ணில் பட்டால் 'அழகா இருக்கே' என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். தாய் பக்கத்திலேயே இருக்கலாம், ஜாக்கிரதை!