கச்சாயமும் மலசாடாவும்

ஹவாய்த் தீவுகளுக்குச் சுற்றுலா போய்வந்த நாமக்கல் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மலசாடா என்ற ஓட்டையில்லாத போர்ச்சுகீசிய டோனட்டுக்காக அங்கே கடை கடையாக ஏறி இறங்கினாராம். வாயில் வைத்ததும் ஊர்க் கச்சாயம் நினைவுக்கு வந்ததாம். இரண்டும் உறவா என்று கேட்கிறார்.

உறவில்லை. ஆனால் இரண்டுக்கும் பின்னால் கரும்புக்காடு இருக்கிறது. 1878-ல் பிரிசில்லா என்ற கப்பலில் மதேராத் தீவுக்காரர்கள் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தார்கள். தவக்காலம் தொடங்குமுன் வீட்டிலுள்ள கொழுப்பையும் சர்க்கரையையும் தீர்க்கச் சுடும் பண்டமும் கூடவே வந்தது. ஹொனலுலுவில் 1952-ல் தொடங்கிய லெனார்ட்ஸ் பேக்கரி அதை ஊரறியச் செய்தது. இங்கே பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரித் தண்ணீரில் கரும்பு, பிலிக்கல்பாளையத்தில் வெல்லச் சந்தை.

மலசாடா உப்புவது ஈஸ்ட்டால். அது விடும் காற்றைக் கோதுமைப் பசை பிடித்துவைக்கிறது. இனிப்பில் பெரும்பகுதி பொரித்த பிறகு மேலே புரட்டும் அஸ்காதான்.

கச்சாயத்தில் ஈஸ்ட்டும் இல்லை, கோதுமையும் இல்லை. ஊறிய பச்சரிசியை ஆட்டி, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து, கரண்டியில் மொண்டு வடைச்சட்டியில் ஊற்றுகிறார்கள். மாவு நேரே அடிக்குப் போகிறது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி முட்ட, சுற்றிலும் நுரை கட்டிக்கொண்டு மெல்ல மேலே வருகிறது. ஓரம் மொறுமொறுப்பு, நடு மெத்து. வெல்லம் ஒரு பிடி கூடினாலும் எண்ணெயில் பிரிந்து போய்விடும்.

இந்த வெல்லத்தின் குணம்தான் விசேஷம். அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருப்பதால் சீக்கிரம் சிவக்கும். அதனால்தான் தீயைத் தணித்து வைக்கச் சொல்வார்கள். அவை ஈரத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். மலசாடாவைச் சுடச்சுடத் தின்றாக வேண்டும், ஆறினால் சவசவத்துவிடும். கச்சாயமோ மறுநாள்தான் பதமாகிறது.

அந்த வெல்லத்தை நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால்தான் வாங்குகிறோம். அதற்காகக் கொப்பரையில் ஹைட்ரோஸ் போட்டு வெளுக்கிறார்கள், அஸ்காவையும் கலக்கிறார்கள். ஆலைக்கொட்டாய்க்காரர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. கறுத்த உருண்டைக்கு விலை குறைத்துக் கேட்பது நாம்தான். வாசகி அடுத்த தீபாவளிக்குக் கச்சாயம் சுடுவதாயிருந்தால், கடையில் ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும் அந்தக் கறுத்த உருண்டையைக் கேட்டு வாங்கட்டும்.