கான்செக்ரேட்: பெரிய கோயில்ல அன்னைக்கு நடந்ததுக்கு இது சரியான சொல்லா?

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்தான்: கான்செக்ரேட். 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி தஞ்சாவூர் பெரிய கோயில்ல குடமுழுக்கு நடந்தப்போ, இங்கிலீஷ் செய்திகள்ல ‘கான்செக்ரேஷன்’னு போட்டாங்க. 2024 ஜனவரி 22 அன்னைக்கு அயோத்தி ராமர் கோயில் விழாவுக்கும் அதே சொல்தான். ஆனா இந்த ரெண்டு இடத்துலயும் நடந்தது ஒரே காரியம் இல்ல.

முதல்ல சொல்லோட பொருள். லத்தீன்ல ‘சாக்கர்’னா புனிதமானது. அதுலேர்ந்து வந்ததுதான் கான்செக்ரேட். சாதாரணமா இருந்த ஒரு இடத்தையோ பொருளையோ, சடங்கு மூலமா தெய்வத்துக்கு உரியதா ஆக்குறது. அதாவது, அந்தச் சடங்குக்கு முன்னாடி அது புனிதம் இல்ல, பின்னாடி புனிதம். அயோத்தியில நடந்தது பிராண பிரதிஷ்டை. புதுச் சிலைக்கு உயிர் கொடுக்கிற சடங்கு. அங்க இந்த வினைச்சொல் கச்சிதமா பொருந்துது.

பெரிய கோயில் கதை வேற. ராஜராஜ சோழன் கட்டி 1010-லயே முடிச்ச கோயில் அது. விமானத்து உச்சியில வைக்கிறதுக்கு செப்புக் குடம் கொடுத்ததை, தன்னோட 25-ஆவது ஆட்சியாண்டின் 275-ஆவது நாள்னு கல்வெட்டுல பதிவே பண்ணியிருக்கார். அப்போ 2020-ல என்ன புதுசா புனிதமாச்சு?

ஒண்ணுமில்ல, அது புதுப்பித்தல். நம்ம ஐ.டி. பாஷையில சொன்னா ஈஸியா புரியும். லைவ் சர்வர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி டேட்டாவை வேற இடத்துக்கு மாத்துவோம்ல? அதே மாதிரி, திருப்பணிக்கு முன்னாடி பாலாலயம்னு ஒண்ணு பண்ணுவாங்க. மூலவர்கிட்ட இருக்கிற சக்தியை ஒரு கும்பத்துக்கோ, மரப்பலகையில வரைஞ்ச படத்துக்கோ மாத்தி வச்சு, பூஜை நிக்காம நடக்கும். வேலை முடிஞ்சதும் யாகசாலையில கடங்களை வச்சு வேள்வி. அப்புறம் அந்தக் கடத்து நீரை விமானக் கலசத்துலயும் மூலவர் மேலயும் ஊத்தி, சக்தியைத் திரும்பக் கொண்டு வர்றாங்க. அடுத்த 48 நாள் மண்டலாபிஷேகம்.

12 வருஷத்துக்கு ஒருமுறைன்னு ஏன் சொல்றாங்க? சிலையையும் பீடத்தையும் ஒட்டி வைக்கிற அஷ்டபந்தனம்னு ஒரு சாந்து இருக்கு. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய்னு எட்டுப் பொருள் சேர்த்து இடிச்சது. காலப்போக்குல அதுல பிடிப்பு போயிடும், புதுசா சாத்தணும். ஆக, இது ஒரு மெயின்டனன்ஸ் கணக்கும்தான்.

தஞ்சாவூர்ல அந்த 12 வருஷம் 23 வருஷமாச்சு. அதுக்கு முந்தின குடமுழுக்கு 1997 ஜூன்ல நடந்தது. அதுக்கான யாகசாலைப் பந்தல்ல ஜூன் 7 அன்னைக்குத் தீப்பிடிச்சு 48 பேர் இறந்துபோனாங்க. அதனால அந்த ஊர்க்காரங்களுக்கு ‘குடமுழுக்கு’ங்கிற சொல்லுக்குள்ள அந்த நெருப்பும் இருக்கு. ‘கான்செக்ரேஷன்’ல அது சுத்தமா தெரியாது.

தெரியாத இன்னொண்ணு, மொழிச் சண்டை. கும்பம்னாலும் குடம்தான், அபிஷேகம்னாலும் முழுக்குதான். ஆனா கும்பாபிஷேகமா, குடமுழுக்கான்னு எந்தச் சொல்லை எடுக்குறோம்ங்கிறதே ஒரு நிலைப்பாடு. தமிழ்ல நடத்தணும்னு கேட்டு வழக்கு போச்சு. தமிழ், சமஸ்கிருதம் ரெண்டுலயும் நடத்துறோம்னு அறநிலையத் துறை சொல்ல, 2020 ஜனவரி 31-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ஏத்துக்கிட்டது. இங்கிலீஷ்ல ரெண்டு தரப்புக்கும் ஒரே சொல். எதுக்காகச் சண்டை போட்டாங்கன்னே வெளியூர் வாசகருக்குப் புரியாது.

இந்த வினைச்சொல்லோட சொந்த வீடு சர்ச். நற்கருணை அப்பத்துக்கும், பிஷப்புக்கும், கல்லறை நிலத்துக்கும் இதைச் சொல்வாங்க. நம்ம சி.எஸ்.ஐ. சபைகள்ல வருஷா வருஷம் கொண்டாடுற ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில அந்தப் பழைய ‘பிரதிஷ்டை’யே உட்கார்ந்திருக்கு பாருங்க. யார் இதைச் செய்யலாம்ங்கிற கேள்வியும் பழசுதான். 1863-ல கெட்டிஸ்பர்க் போர்க்களத்துல பேசின லிங்கன், இந்த நிலத்தைப் புனிதமாக்க நம்மால முடியாது, இங்க போராடினவங்க அதை ஏற்கெனவே செஞ்சுட்டாங்கங்கிற கருத்தைச் சொன்னார்.

சரி, எங்க எதைப் போடணும்? கடை திறப்புக்கு இனாகுரேட். கல்யாணத்துக்கு சாலம்னைஸ், இந்து திருமணச் சட்டத்துலயும் அந்தச் சொல்தான். சடங்கை நடத்தி வைக்கிற ஆளுக்கு அஃபிஷியேட். புதுக் கோயில், புதுச் சிலைன்னா கான்செக்ரேட். பழைய கோயில் குடமுழுக்குக்கு ‘ரீகான்செக்ரேட்’ போடலாம்னு தோணும். ஆனா சர்ச் வழக்குல அது, புனிதம் கெட்டுப்போன இடத்தைத் திரும்ப மீட்கிறதுக்கும் வர்ற சொல். தஞ்சாவூர்ல எதுவும் கெட்டுப் போகலையே!

என்னைக் கேட்டா, குடமுழுக்குன்னே எழுதிட்டு, பழைய கோயிலைப் புதுப்பிக்கிற சடங்குன்னு பக்கத்துல நாலு வார்த்தை இங்கிலீஷ்ல சேர்த்தா போதும். யோகாவையும் கர்மாவையும் அப்படியே ஏத்துக்கிட்ட மொழிக்கு இது ஒண்ணும் பாரம் இல்ல. ஆபீஸ்ல யாராவது ‘தஞ்சாவூர் டெம்பிள் 2020-லதான் கான்செக்ரேட் ஆச்சா?’ன்னு கேட்டா, ஆயிரம் வருஷத்தை விட்டுட்டீங்களேன்னு சொல்லி இந்த எபிசோடை அனுப்பிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.