எதை எடுத்தாலும் ஒரே விலை: அப்போ எது மாறுது?

"எதை எடுத்தாலும் பத்து ரூபாய்" என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் தள்ளுவண்டியைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. எனக்கு அந்தக் குரல்மேல் ரொம்ப நாளாக ஒரு கேள்வி உண்டு. பிளாஸ்டிக் விலை ஏறுது, டீசல் ஏறுது, கூலி ஏறுது. விலையை மட்டும் ஏத்தாமல் ஒரு கடை எத்தனை வருஷம் ஓட முடியும்?

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கு. ஃபிராங்க் வுல்வொர்த் என்பவர் 1879ல் நியூயார்க் மாநிலத்து யூட்டிகா நகரில் எல்லாமே 5 சென்ட் என்று ஒரு கடை போட்டார். சில மாதங்களில் அது படுத்துவிட்டது. அதே வருஷம் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் மறுபடியும் ஆரம்பித்தார், அது பிடித்துக்கொண்டது. பிறகு 10 சென்ட் பொருட்களும் சேர்ந்தன. சாமான்களை வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி பரப்பி வைத்தார். பேரம் கிடையாது. உற்பத்தி செய்பவரிடமே மொத்தமாக வாங்கினார். இந்த 5, 10 சென்ட் வியாபாரத்தில் வந்த பணத்தில்தான் 1913ல் நியூயார்க்கில் அன்றைய உலகின் மிக உயரமான கட்டடம் எழும்பியது.

ஆனால் அந்த விலை நிலைக்கவில்லை. 1932ல் 20 சென்ட் பொருட்கள் வந்தன. 1935ல் விலை உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். டாலர் ட்ரீ கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1986ல் ஒரு டாலர் கடையாகத் தொடங்கி, 35 வருஷம் தாக்குப்பிடித்து, 2021ல் 1.25 டாலருக்குப் போனது. அதற்குள் 1986ல் ஒரு டாலருக்குக் கிடைத்ததை வாங்க ஏறக்குறைய இரண்டரை டாலர் தேவைப்பட்டது. ஜப்பானில் டைசோ போன்ற 100 யென் கடைகள் இன்னும் நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம், 1990களின் நடுவிலிருந்து இருபது வருஷத்துக்கும் மேலாக அங்கே பொதுவாகவே விலைவாசி பெரிதாக ஏறவில்லை என்பது.

செலவு ஏறும்போது வியாபாரிக்கு இருக்கிற முக்கியமான வழிகள் மூணு. விலையை ஏத்தலாம், அளவைக் குறைக்கலாம், தரத்தைக் குறைக்கலாம். "ஒரே விலை" என்று போர்டு மாட்டியவருக்கு முதல் வழி அடைபட்டுவிடுது.

நம்ம ஊர் மளிகைக் கடைக்கு அப்படிப் போர்டு தேவையில்லை, நாணயமே அந்த வேலையைச் செய்யுது. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 பைசா சட்டப்படி செல்லும், வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. அதனால் 5 ரூபாய் பிஸ்கட்டை ஐந்தரை ரூபாய்க்கு விற்க வழியில்லை. "சில்லறை இல்ல, மிட்டாய் எடுத்துக்கோங்க" என்பதில் போய் முடியும். ஆகவே விலை அப்படியே நிற்க, கிராம் குறையுது.

கணக்கைப் பாருங்க. 5 ரூபாய்க்கு 100 கிராம் கிடைத்த பாக்கெட் 55 கிராம் ஆகிவிட்டால், 100 கிராமின் விலை இப்போ 9 ரூபாய்க்கு மேல். அதாவது 80 சதவீதத்துக்கும் அதிகமான விலையேற்றம். இதையே 9 ரூபாய் என்று அச்சடித்திருந்தால் தெருவே பேசியிருக்கும்.

மூணாவது வழி இன்னும் சத்தமில்லாதது. குளியல் சோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உறையில் "டாய்லெட் சோப்" என்று இருந்தால் அதில் எண்ணெய், கொழுப்பிலிருந்து வரும் சோப்புப் பகுதி (டி.எஃப்.எம்.) இந்தியத் தர நிர்ணயப்படி குறைந்தது 60 சதவீதம் இருக்கணும். முதல் தரத்துக்கு 76. "பேத்திங் பார்" என்று இருந்தால் 40 சதவீதமே போதும். இரண்டும் அதே அலமாரியில், அதே மாதிரி வாசனையோடு இருக்கும். பேத்திங் பார் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது வேறு பொருள், அவ்வளவுதான். ஐஸ்கிரீமும் "ஃப்ரோசன் டெசர்ட்"டும் இப்படித்தான். முதலாவதில் பால் கொழுப்பு, இரண்டாவதில் தாவர எண்ணெய்.

இதில் அடிபடுவது யார்? தினக்கூலியில் வாழ்கிறவர் பெரிய பாக்கெட் வாங்க முதல் போட முடியாது, சின்னதைத்தான் எடுப்பார். 16 அவுன்ஸ் பால் ஒரு டாலர் என்றால் மலிவாகத் தெரியும், ஆனால் ஒரு காலன் 8 டாலர் ஆகுது. அதற்காக சின்னது எப்போதும் நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் ஷாம்பூ சாஷேயைக் கணக்குப் போட்டால், பல சமயம் ஒரு மில்லி அதே ஷாம்பூவின் பாட்டிலைவிட மலிவாக வரும். பொத்தாம்பொதுவாக ஒரு விதி கிடையாது, ஒவ்வொரு தடவையும் வகுத்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கு.

அந்த வகுத்தலுக்கும் இப்போ உதவி இருக்கு. 2021ல் பாக்கெட் பொருட்களுக்கான விதியைத் திருத்தி, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் அச்சிடச் சொன்னார்கள். பெரும்பாலான உறைகளில் எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருக்கும். இரண்டு பாக்கெட்டை ஒப்பிட நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். அது அளவை மட்டும்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. தரத்துக்கு, பொருளின் பெயருக்குக் கீழே அது என்ன வகை என்று போட்டிருக்கும் சின்ன வார்த்தையைப் படிக்கணும்.